ஆளுக்கொரு பக்கம்

எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் வாசலில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். பஸ் ரோட்டிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு வரும் வண்டித் தடத்தில் யாரோ ஓடி வருவது தெரிந்தது. தோளில் துண்டு பறக்க, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார் அந்த ஆள். கிட்டே வந்த பிறகுதான் அது என் வீட்டுக்காரர் என்று தெரிந்தது. இருபத்துமூன்று வயது மனுசன் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை.

"என்ன சாமி, யாருக்கு என்ன ஆச்சு?" என்று என் மாமியார் பதறிக்கொண்டு வெளியே வந்தார்.

"ஒரு நாடே எழுதி வெச்சிருக்குதாம்மா!" என்றார் அவர், மூச்சு வாங்க.

மாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. கட்டுத்தரையில் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்த மாமனார் எட்டிப் பார்த்துவிட்டு வேறொரு கேள்வி கேட்டார்.

"வண்டி எங்கடா?"

அப்போதுதான் எல்லோருக்கும் உறைத்தது. முந்தாநாள் கடலை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டியில் சேலம் போனவர், இப்போது வெறுங்கையோடு நிற்கிறார்.

"வண்டி பின்னால வருதுங்கய்யா. கூட வந்த பக்கத்துத் தோட்டத்துக்காரர்கிட்டச் சொல்லீட்டு நான் பஸ்ஸுல வந்துட்டேன்."

"மாடு?"

"மாடு இல்லாம வண்டி எப்படிங்க வரும்? அதுவும் வருது."

மாமனார் கையிலிருந்த சோளத்தட்டைக் கீழே போட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். அவர் அப்படி நின்றால் வீட்டில் யாரும் வாய் திறக்கமாட்டோம். ஆனால் அன்றைக்கு என் வீட்டுக்காரரை நிறுத்த முடியவில்லை. சேலத்தில் முந்தின நாள் சாயங்காலம் ஒரு மைதானத்தில் கூட்டம் நடந்ததாம். சும்மா நின்று பார்க்கலாமென்று போனாராம். மேடையில் பேசியவர் எங்கோ பனி கொட்டுகிற ஒரு தேசத்தைப் பற்றிச் சொன்னாராம். அங்கே ஐந்து வருஷத்துக்கு என்னென்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறார்களாம். எங்கே அணை, எங்கே பள்ளிக்கூடம் என்று எல்லாம் எழுத்தில் இருக்குமாம். எழுதிவிட்டால் செய்தே தீரவேண்டுமாம்.

"ஒரு நாடே எழுதுது. நம்ம ஒரு ஊடு எழுத முடியாதா?" என்று கேட்டு, மடியிலிருந்து சிவப்பு அட்டை போட்ட ஒரு நோட்டையும் ஒரு பென்சிலையும் எடுத்தார். "ஆளுக்கொரு பக்கம். அஞ்சு வருசத்துக்குள்ள அவங்கவங்களுக்கு என்ன ஆகோணும்னு எழுதோணும்."

யுத்தம் வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னால் நடந்தது இது. எங்கள் தோட்டம் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருந்தது. வீட்டில் ஐந்து பேர். மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், அவர் தங்கை, நான். நாத்தனாருக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு, பதினாறு. ஐந்தாவது வரைக்கும் உள்ளூரில் படித்தவள். எங்கள் இருவருக்கும் எதற்கெடுத்தாலும் சிரிப்பு வரும். மாவாட்டும்போது ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தால் போதும். "நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காரு, நீ இந்தப் பக்கம் திரும்பி உக்காரு" என்று மாமியார் எங்களைப் பிரித்து உட்கார வைப்பார். முதுகைப் பார்த்துக்கொண்டும் சிரிப்போம்.

முதல் பக்கத்தை என் வீட்டுக்காரரே எழுதினார். கிணற்றுக்கு ஆயில் எஞ்சின் வைக்க வேண்டும். எட்டாவது பாஸ் பண்ண வேண்டும். இரண்டாவதை எழுதும்போது மட்டும் எழுத்து சிறிதாகிவிட்டது. எட்டாம் வகுப்புப் பரிட்சையில் அவர் இரண்டு தடவை தவறியிருந்தார்.

மாமனாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வண்டியும் மாடும் மறுநாள் பத்திரமாக வந்து சேர்ந்த பிறகுதான் அவர் கோபம் இறங்கியது. "எனக்கு என்னடா வேணும், எல்லாந்தான் இருக்குதே" என்று இரண்டு நாள் மறுத்தார். மூன்றாம் நாள் காலை, என் வீட்டுக்காரர் பல் விளக்கிக்கொண்டிருக்கையில் பக்கத்தில் போய் நின்று, "ரயிலு ஏறோணும்னு எழுதிக்க" என்று காதில் சொல்லிவிட்டு விடுவிடுவென்று காட்டுக்குப் போய்விட்டார்.

மாமியார் சொன்னதுதான் எங்களைத் திகைக்க வைத்தது. வெகு நேரம் யோசித்துவிட்டு, "ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு, மூஞ்சீல வெயில் அடிக்கற வரைக்கும் தூங்கோணும் சாமி. அதையெல்லாம் எழுதலாமா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தலை குனிந்தபடியே எழுதினார்.

நாத்தனார் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குள் ஓடினாள். அவள் என்ன எழுதினாள் என்று அன்றைக்கு யாருக்கும் காட்டவில்லை.

என் பக்கம் வந்தது. நான் ராசிபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். என் அப்பா சுற்று வட்டார வெண்ணெயெல்லாம் வாங்கி உருக்கி நெய் வியாபாரம் செய்துவந்தார். ஏழாவது முடியும் வரைக்கும் என்னைப் பள்ளிக்கூடம் அனுப்பினார். வகுப்பில் நான்தான் முதல். பெரியவளானதும் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு, என்ன சாப்பிடுகிறாய், என்ன சேலை வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. உனக்கு என்ன ஆக வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. பென்சிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒன்றுமே தோன்றவில்லை. அன்றைக்குச் சோளச்சோறு குழைந்துபோனது. மோரில் உப்பை இரண்டு தடவை போட்டேன். உண்மையில் தோன்றாமல் இல்லை. தோன்றியது பெரிதாக இருந்தது, எழுதப் பயமாக இருந்தது.

சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு எழுதினேன். 'வாத்தியாரம்மா ஆக வேண்டும்.'

என் வீட்டுக்காரர் வாங்கிப் படித்தார். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். மெல்ல விலக்கிப் பார்த்தால், மனுசன் நோட்டைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலைச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தார்.

"அப்பறம் என்ன புள்ள! நீயும் எட்டாவது எழுது. நானும் எழுதறேன். எனக்கு நீ சொல்லிக் குடு!"

"அண்ணா, நானும்!" என்று கொட்டகைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

உள்ளூர்ப் பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் போய்க் கேட்டோம். வயது வந்தவர்கள் வீட்டிலிருந்து படித்துத் தனியாக எழுதலாம் என்றார். பெண்கள் எழுதலாமா என்றதற்கு, "கூடாதுன்னு எங்கயும் போடலீங்க. ஆனா இத்தன வருசத்துல யாரும் கேக்கவும் இல்லீங்க" என்றார்.

அட்டாலியிலிருந்து என் வீட்டுக்காரரின் பழைய புத்தகங்களை இறக்கினோம். கரையான் எங்களுக்கு முன்னால் படித்து முடித்திருந்தது. சரித்திரப் புத்தகத்தில் ஒரு பெரிய போர், இரண்டு பக்கமும் படை திரட்டி, யானைகளை நிறுத்தி, முரசு கொட்டிய இடத்தோடு நின்றது. அடுத்த பக்கம் இல்லை. "யாரு ஜெயிச்சாங்க நங்கையா?" என்று நாத்தனார் என்னைக் கேட்டாள். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "கரையான்" என்றேன். அன்றைக்குப் பாடம் அதோடு முடிந்தது. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

படிப்பதற்கென்று தனியாக நேரம் ஏது? வேலையோடு வேலையாகத்தான் படித்தோம். பருத்தி எடுக்கும்போது நான் இந்தப் பாத்தியிலிருந்து கேள்வி கேட்பேன், அவள் அந்தப் பாத்தியிலிருந்து பதில் சொல்வாள். என் வீட்டுக்காரருக்குக் கவலை ஓட்டும் நேரந்தான் படிப்பு நேரம். கவலை என்றால் மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து நீர் இறைப்பது. மாடுகள் சரிவில் இறங்கினால் சால் நிறைந்து மேலே வரும், பின்னுக்கு நடந்து ஏறினால் சால் கிணற்றுக்குள் போகும். அவர் கயிற்றின் மேல் உட்கார்ந்து மாட்டை ஓட்டிக்கொண்டே ராஜாக்களின் பெயரை வரிசையாகச் சொல்லுவார். நான் கிணற்றோரம் புத்தகத்தோடு நின்று சரி பார்ப்பேன். கொஞ்ச நாளில் மாடுகளுக்கும் அந்தத் தாளம் பழகிவிட்டது. அவருக்கு மறந்துபோய் நிறுத்தினால் மாடும் சரிவின் நடுவில் நின்றுவிடும். சால் பாதியில் தொங்கும்.

தூரத்தில் மண்வெட்டியோடு மடை திருப்பிக்கொண்டிருக்கும் மாமனாருக்கு வாய்க்காலில் தண்ணீர் குறைவது தெரிந்துவிடும். "என்னடா, மறந்து போச்சா? தண்ணி நின்னு போச்சு!" என்று அங்கிருந்தே கத்துவார். எழுத்துத் தெரியாத மனுசன், வாய்க்காலைப் பார்த்தே மகன் படிப்பைக் கணித்துவிடுவார். கணக்குப் பாடம் நடக்கும் நாளில் தண்ணீர் பயிருக்குப் போதவே போதாது.

அந்த வருஷம் தை மாதம், நாத்தனாரைப் பெண் பார்க்க வருகிறோம் என்று காவேரிக் கரைப் பக்கத்திலிருந்து சேதி வந்தது. ஜேடர்பாளையத்துக்கு அருகே நல்ல நஞ்சை உள்ள குடும்பம். மாமனாருக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமியாரும் நானும் விடியலிலிருந்து ஒப்பிட்டு சுட்டோம், போளியைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம். நாத்தனார் மட்டும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. தலை பின்னிவிடும்போது, "நங்கையா, என்ற பக்கத்துல எழுதியிருக்கறத யாரும் படிக்கலியே?" என்று கேட்டாள். "படிக்கல" என்றேன். "என்ன எழுதியிருக்கற?" என்றதும் சடையை என் கையிலிருந்து இழுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஆறு பேர் வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா வாசலையொட்டிய ஆசாரத்தில் பாயில் உட்கார்ந்து, ஒப்பிட்டை நெய்யில் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டபடியே தன் வயலைப் பற்றிப் பேசினார். பேச்சு எங்கெங்கோ போய் ஆயில் எஞ்சினில் வந்து நின்றது. அவ்வளவுதான், என் வீட்டுக்காரருக்குக் கண் மின்ன ஆரம்பித்துவிட்டது. "நாங்களும் எழுதி வெச்சிருக்கறமுங்க!" என்று எழுந்து போய்ச் சிவப்பு நோட்டை எடுத்து வந்தார். யார் வீட்டுக்கு வந்தாலும் அந்த நோட்டைக் காட்டுவது அவருக்குப் பழக்கமாகியிருந்தது. தன் பக்கத்தைப் படித்துக் காட்டினார். வந்தவர் தலையாட்டி ரசித்தார்.

"அட, நல்ல ஏற்பாடா இருக்குதே! பொண்ணுக்கும் ஒரு பக்கம் இருக்குதா? அதையும் படிங்க தம்பி, கேப்போம்."

கதவுக்குப் பின்னால் நின்ற நாத்தனார் என் கையைக் கிள்ளிவிட்டாள். நான் தொண்டையைச் செருமினேன். அவர் காதில் விழவில்லை. பக்கத்தைத் திருப்பி, கூட்டத்தில் பேசுகிறவர் மாதிரி உரக்கப் படித்தார்.

"'அஞ்சு வருசத்துக்கு எனக்கு மாப்பிள்ளை பார்க்கக் கூடாது. நான் நங்கையாளோட...'"

அவருடைய புத்தி வாய்க்குப் பின்னால் ஓடி வந்து சேர்ந்தபோது காரியம் முடிந்துவிட்டிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா கையிலிருந்த ஒப்பிட்டைக் கீழே வைக்கவில்லை. மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார், எழுந்தார்.

"எழுதி வெச்சதுக்குக் குறுக்க நிக்கறது எங்குளுக்குப் பழக்கமில்லீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியேறிவிட்டார்.

மாமனார் இடுப்பில் கை வைத்தார். நேராக நாத்தனாரிடம் போனார். "அஞ்சாவது படிச்ச கழுதைக்கு நோட்டு எதுக்கு, பென்சலு எதுக்கு?" என்று ஆரம்பித்து, நோட்டை வாங்கி அடுப்பில் போடப் போனார். என் வீட்டுக்காரர் தப்புச் செய்தவர் மாதிரி சுவரோரம் நின்றார். அப்போது மாமியார் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றார். அதுவரைக்கும் அவர் மாமனாரை எதிர்த்து ஒரு சொல் சொல்லி நான் கேட்டதில்லை.

"அதுல என்ற பக்கமும் இருக்குதுங்க" என்றார். "என்னைய யாராச்சும் கேட்டாங்களா, உனக்கு எப்பக் கல்யாணம்னு? பதிமூணு வயசுல வந்தேன். அவ பக்கத்துல எழுதுனதாச்சும் நடக்கட்டும். உடுங்க."

மாமனார் நோட்டை ஒரு தடவை புரட்டிப் பார்த்தார். பிறகு அதை மாமியார் கையில் கொடுத்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடைக்குப் போய்விட்டார். நாத்தனார் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் அழுதேன். என் வீட்டுக்காரர், "இன்னியும் ரெண்டு ஒப்பிட்டு இருக்குதா?" என்று கேட்டார். மூன்று பேரும் சேர்ந்து அவரை அடித்தோம்.

அந்த வாரமே மாமியாருடைய பக்கத்தை நடத்திவிடுவது என்று நானும் நாத்தனாரும் முடிவு செய்தோம். சேவலை முந்தின நாளே கூடை போட்டுக் கவிழ்த்து, அதன்மேல் சாக்கும் போட்டாயிற்று. பால் கறக்கிற வேலை என்னுடையது, சாணம் அள்ளுவது அவளுடையது. கன்றுக்குட்டி கத்தக் கூடாதென்று என் வீட்டுக்காரர் விடியலில் இருந்தே அதன் வாயருகே தழையை நீட்டிக்கொண்டு நின்றார். மாமனார்கூடச் செருமாமல் தூரப்போய்ச் செருமிவிட்டு வந்தார். மாமியாரைக் கிழக்குப் பார்த்த ஜன்னலடியில் படுக்க வைத்திருந்தோம். எல்லோரும் பூனை மாதிரி நடந்தோம்.

வெளிச்சம் வந்தது. அறைக்குள்ளிருந்து, "பாலை அடுப்புல வெச்சுட்டு எங்க போன? பொங்கீருமல்லோ" என்று குரல் வந்தது. எட்டிப் பார்த்தேன். கண் இறுக மூடியிருந்தது.

"தூங்குங்க அத்தை."

"தூங்கீட்டுத்தான் இருக்கறேன். அந்தத் தவிட்டுப் பானைய மூடுனியா?"

கண்ணைத் திறக்காமலே ஒரு மணி நேரம் வீட்டை நடத்தினார். கடைசியில் வெயில் ஜன்னலில் ஏறி, நெற்றியில் விழுந்து, மூக்கில் இறங்கியது. சட்டென்று எழுந்து உட்கார்ந்து, "சுடுதுடி!" என்று சின்னப் பெண் மாதிரி கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அன்று முழுக்க யார் வந்தாலும் சொன்னார். "நான் இன்னிக்கு வெயிலு வந்துதான் எந்திரிச்சனுங்க."

பங்குனியில் நாமக்கல்லில் பரிட்சை. ரோட்டில் போய் நின்று பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தினோம். பரிட்சை நடந்த பள்ளிக்கூட வாசலில் ஒரு பெரியவர் எங்களை மறித்து, "கூட வந்தவங்க அந்த மரத்தடியில உக்காருங்க. எழுதறது யாரு?" என்றார்.

"மூணு பேருமுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

அவர் என் கழுத்துத் தாலியைப் பார்த்தார், நாத்தனாரின் சடையைப் பார்த்தார், என் வீட்டுக்காரரின் மீசையைப் பார்த்தார். பிறகு வழிவிட்டார். உள்ளே பூராவும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள். எங்களைப் பார்த்ததும் வாத்தியார்கள் என்று நினைத்து எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் கூரையைப் பார்த்தேன். ஒருத்தி சிரித்திருந்தாலும் இரண்டு பேரையும் வெளியே அனுப்பியிருப்பார்கள்.

சரித்திரப் பரிட்சை அன்றுதான் சோதனை வந்தது. எனக்கு முன் பெஞ்சில் என் வீட்டுக்காரர். எழுதுகிறார், நிறுத்துகிறார், கூரையைப் பார்க்கிறார், காலைத் தரையில் தட்டுகிறார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்த ராஜாக்களையெல்லாம் அவர் கவலைச் சரிவில் முன்னும் பின்னும் போய்ப் போய்த்தான் மனப்பாடம் செய்தவர். உட்கார்ந்த இடத்தில் ஒரு ராஜாவும் வரமாட்டேன் என்கிறார். கடைசியில் எழுந்து, "தண்ணி குடிச்சுக்கறனுங்க" என்று கேட்டார். தாழ்வாரத்தின் கோடியில் பானை இருந்தது. பானைக்குப் போய்த் திரும்பினார். மறுபடி கேட்டு மறுபடி போனார். முன்னே நடக்கும்போது ஒரு வேகம், திரும்பும்போது ஒரு வேகம், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நாலாவது தடவை, "உடம்புக்கு முடியலீங்களா?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். "இப்பச் சரியாப் போச்சுங்க" என்று உட்கார்ந்து, மணி அடிக்கும் வரை நிமிராமல் எழுதினார்.

முடிவு வந்த நாளில் உள்ளூர் வாத்தியார் வரப்பு வழியாக வந்தார். நாங்கள் கடலைக்குக் களை வெட்டிக்கொண்டிருந்தோம். தூரத்திலிருந்தே இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். மூன்று பேரில் இரண்டு பேர்.

நாத்தனாரும் நானும் பாஸ். என் வீட்டுக்காரர் சரித்திரத்தில் நல்ல மார்க், கணக்கில் போய்விட்டது.

வாத்தியார் திரும்பிப் போனார். நான் களைக்கொட்டைப் பிடித்தபடி குனிந்தே இருந்தேன். என் சந்தோஷத்தை அவர் முன்னால் எப்படி வெளியே விடுவது என்று தெரியவில்லை. அவர் வேலிப் பக்கம் பார்த்தார். முகம் சுருங்கிப் போயிருந்தது. பிறகு திரும்பினார். "எம்பட வாத்தியாரம்மா பாஸாயிட்டா!" என்று ஒரு கத்துக் கத்தினார் பாருங்கள், பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றுமேட்டிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். என்னையும் தங்கையையும் ஆளுக்கொரு கையில் பிடித்துக் கடலைச் செடிகளுக்கு நடுவே சுற்ற ஆரம்பித்தார். "செடிய மெதிக்காதீங்கடா!" என்று மாமனார் கத்திக்கொண்டே ஓடி வந்தார். சேதி தெரிந்ததும் அவரும் கொஞ்சம் செடியை மிதித்தார்.

அன்று சாயங்காலம் அவரிடம் தனியாகக் கேட்டேன். "ஏனுங்க, வெசனமா இருக்குதுங்களா?"

"இல்லாம இருக்குமா புள்ள" என்றார். "மூணு தடவ ஆச்சு. ஆனா ஒண்ணு. இந்தத் தடவைதான் படிக்கறப்பச் சந்தோசமா இருந்துது."

ஆடிப் பதினெட்டுக்கு எல்லோருமாக ஜேடர்பாளையம் போனோம். காவேரியில் புது வெள்ளம். நான் அதுவரை காவேரியைப் பார்த்ததில்லை. செம்மண் நிறத்தில் அத்தனை தண்ணீர், யாரும் இறைக்காமல் தானாகவே ஓடுகிறதே என்று மாமனார் பொருமிக்கொண்டார். கரையில் கட்டுச்சோற்றை அவிழ்த்தோம். புளிச்சோற்று வாசம் மூக்கில் ஏறியதுதான் தெரியும், எழுந்து மரத்தடிக்கு ஓடினேன். பின்னாலேயே மாமியார் வந்தார். என் தலையைப் பிடித்துக்கொண்டார். என் முகத்தைத் திருப்பிக் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஏஞ்சாமி, இத யாரும் எழுதவே இல்லியே!" என்றார்.

உண்மைதான். ஐந்து பேர், ஐந்து பக்கம், ஒருத்தர்கூடக் குழந்தை என்று எழுதவில்லை. கரையில் உட்கார்ந்து மாமியார் சிரிக்கிறார், நாத்தனார் சிரிக்கிறாள், என்னவென்று தெரியாமலே மாமனார் சிரிக்கிறார். விஷயம் தெரிந்ததும் என் வீட்டுக்காரர் வேட்டியோடு ஆற்றில் இறங்கி முழுகிவிட்டு எழுந்தார். நான் மட்டும் கொஞ்சம் கலங்கிப்போய் இருந்தேன். சேலத்தில் பெண் ஆசிரியர்களுக்கான பயிற்சிப் பள்ளியில் சேருவதற்கு நாத்தனாரும் நானும் மனு எழுதி அனுப்பிவிட்டிருந்தோம். இரண்டு வருஷப் படிப்பு. கைக்குழந்தையோடு எப்படி?

நான் வாய் திறந்து கேட்கவில்லை. வரும் வழியில் வண்டியில் மாமியாரே சொன்னார். "இந்த வருசம் இவ போகட்டும். அடுத்த வருசம் நீ போ. குழந்தைய நான் பாத்துக்கறேன்."

"ஊட்டுலயா அத்தை? பால் குடிக்கற குழந்தைய உட்டுட்டு நான் எப்படிங்க?"

"ஊட்டுல எதுக்கு? நானும் சேலம் வாரேன்" என்றார். மாமனார் வண்டிக்குள் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. "அப்ப எனக்குச் சோறு?" என்றார். "களி கிண்டக் கை இல்லீங்களா?" என்றார் மாமியார், வெளியே பார்த்துக்கொண்டு.

பெண் குழந்தை பிறந்தது. மறு வருஷம் சேலத்தில் அம்மாபேட்டையில் ஒரே ஒரு அறை எடுத்துக் குடியேறினோம். நாத்தனார் இரண்டாம் வருஷம், நான் முதல் வருஷம், மாமியார், குழந்தை. அக்கம்பக்கமெல்லாம் நெசவுக் குடும்பங்கள். பகல் பூராவும் எல்லா வீட்டிலும் தறி ஓடும். அந்தச் சத்தத்தில் எங்கள் குழந்தை அடித்துப்போட்ட மாதிரி தூங்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தறிகள் நின்றதும் விழித்துக்கொண்டு வீரிட்டு அழும். மாமியார் பக்கத்து வீட்டுக்கு ஓடி, "ஏனுங்க, கொஞ்சம் ஓட்டுங்க சாமி, புள்ள எந்திரிச்சிருச்சு" என்று கேட்பார். ஆரம்பத்தில் அவர் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்கள், ஆறு மாதத்தில் தாங்களும் எல்லாவற்றுக்கும் 'ங்க' போட ஆரம்பித்துவிட்டார்கள்.

தோட்டத்தில் அப்பாவும் மகனும் தாங்களே களி கிண்டிச் சாப்பிட்டார்கள். எங்களைப் பார்க்க வரும்போது மாமனாரின் விரல்களில் சூடு பட்ட தடம் இருக்கும். அப்படி ஒரு தடவை வந்தபோதுதான் என் வீட்டுக்காரர் அவரைச் சூரமங்கலத்தில் ரயில் ஏற்றி ஈரோட்டுக்குக் கூட்டிப் போய்த் திரும்பினார். "எப்படிங்க மாமா இருந்துது?" என்றேன். "என்னமோ போ. ஏறி உக்காந்தா அதே கூட்டீட்டுப் போகுது. நாம பண்ணறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார் சலிப்பாக. ஆனால் அடுத்த மாதமும் ரயில் ஏறினார்.

ஆயில் எஞ்சின் ஐந்து வருஷத்துக்குள் வரவில்லை. யுத்தம் வந்துவிட்டது, எஞ்சின் எங்கேயும் கிடைக்கவில்லை. எட்டாவதும் அவர் கடைசி வரைக்கும் பாஸ் பண்ணவில்லை. நாத்தனார் வாத்தியாரம்மா ஆகி, தானே ஒத்துக்கொண்ட மாப்பிள்ளையை இருபத்திரண்டு வயதில் கட்டிக்கொண்டாள். அந்த மாப்பிள்ளையும் வாத்தியார்தான். பெண் பார்க்க வந்தபோது என் வீட்டுக்காரர் வாயையே திறக்கக் கூடாது என்று எல்லோரும் சத்தியம் வாங்கியிருந்தோம்.

பயிற்சியில் முதன்முதலாக ஒரு வகுப்பை நானே தனியாக நடத்திய நாளைச் சொல்லி முடிக்கிறேன். மாதிரிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. நாற்பது பிள்ளைகள். பலகையில் 'மழை' என்று எழுதித் திரும்பினேன். ஒரு பெண் எழுந்து, "டீச்சர், எங்க ஊர்ல மழையே பெய்யலீங்க" என்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. நாற்பது பிள்ளைகளும் என்னோடு சேர்ந்து சிரித்தார்கள். பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை அம்மாள் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். போச்சு என்று நினைத்தேன். வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டு, "உங்க வகுப்புல ஒரு பிள்ளைகூடத் தூங்கலை. நாளைக்கும் நீங்களே எடுங்க" என்றார்.

அன்று சாயங்காலம் அம்மாபேட்டைத் தெருவில் பாவு நீட்டிக் கட்டியிருந்தார்கள். தெரு நீளத்துக்கும் பச்சையும் சிவப்புமாக நூல். அதன் ஓரமாக, ஒரு இழையும் படாமல், சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் ஓடினேன். அறை வாசலில் மாமியார் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். நான் ஓடி வருவதைப் பார்த்துவிட்டு, பாவு நீவிக்கொண்டிருந்தவர்களிடம் தெருவே கேட்க, "கொஞ்சம் நகருங்க, கொஞ்சம் நகருங்க! எங்கூட்டு வாத்தியாரம்மா வாராங்க!" என்று சத்தம் போட்டார்.